திருடன் போய்க்கொண்டிருந்தான், நான் கதவைத் திறந்தேன்

ஏழு கண்ணாடிப் பட்டைகளையும் உடைக்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான். பாத்ரூம் வென்டிலேட்டரில் சாய்வாகச் செருகியிருக்குமே, அந்த லூவர் கண்ணாடிகள். அலுமினியக் கிளிப்பை நெம்பிப் பட்டையை உருவ ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி ஆகியிருக்குமா? சத்தமே இல்லை. யாராவது புகுந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் எனக்குக் கேட்கும் என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். விடிந்தபின் அந்த அடுக்கைப் பார்த்தபோதுதான் கால் நடுங்கியது, ராத்திரி நடுங்கவில்லை.

என் வீட்டில் போன பொருள் அதிகமில்லை. மகளின் லேப்டாப்பும் என் கைப்பையும்தான். ஆனால் அன்று ராத்திரி நான் செய்ததும், அதற்கப்புறம் சில வாரங்களில் செய்யப் போனதும் இன்னும் மனதில் கிடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கணவருக்கு இரவு வேலை. வீட்டில் நானும், பத்தாவது படிக்கும் மகளும், என் மாமியாரும். இரண்டே முக்கால் மணி இருக்கும், பாத்ரூமில் வாளி நகரும் சத்தம் கேட்டது. அத்தைதான் எழுந்து போயிருக்கிறார் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். புரண்ட பக்கத்தில் அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியை இப்போது நினைத்தாலும் வயிறு என்னமோ செய்கிறது.

சரியான காரியம் என்னவென்றால், அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு போலீசுக்கு போன் செய்வது. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அதனால் கட்டிலடியில் கிடந்த பழைய திரைச்சீலைக் குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நடையில் அவன் நின்றிருந்தான், கையில் மொபைல் டார்ச். என் முகத்தில் வெளிச்சம் அடித்தது. கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அவனும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, போலீசிடம் அரை நிமிடம் என்றேன், மகள் இரண்டு விநாடி என்றாள். மகள் சொன்னதுதான் சரியாக இருக்கும். பயத்தில் நேரம் நீண்டு தெரியும், பக்கவாட்டில் இருப்பது கண்ணில் படாது, காது அடைத்துப்போகும், விரல்கள் சின்ன வேலைக்கு உதவாது. இதெல்லாம் பயத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் செய்வது, யாருக்கும் நடக்கும். மகள் பின்னாலிருந்து கத்தியிருக்கிறாள், எனக்குக் கேட்கவே இல்லை.

அவன் திரும்பி பாத்ரூமுக்குள் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். ஏன் ஓடினேன்? தெரியாது. வென்டிலேட்டர் வழியே உடம்பில் பாதியை வெளியே நுழைத்துவிட்டான், கால்கள் மட்டும் உள்ளே உதறிக்கொண்டிருந்தன. குழாயால் முழங்காலுக்குக் கீழே ஒரு அடி அடித்தேன். அலறினான், அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தான். அதோடு நின்றிருந்தால் சரி. நான் பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவன் அங்கே தரையில் கிடக்கிறான், எழுவதற்குள் இன்னும் நாலு அடி கொடுக்க வேண்டும், தலையில் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை. ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அத்தை பின்னாலிருந்து என் நைட்டியைப் பிடித்து இழுத்து, "போறவன் போகட்டும், உள்ள வா" என்றார். வந்தேன். தாழிட்டார்.

காலையில் வந்த போலீஸ்காரர் மண்ணில் இரண்டு வகைச் செருப்புத் தடம் காட்டினார். வெளியே இன்னொருவன் நின்றிருக்கிறான், கதவுக்கு ஐந்தாறு அடி தள்ளி. லேப்டாப்பையும் பையையும் வாங்கி வைத்துக்கொண்டது அவன்தான். நான் கதவைத் திறந்தபோது அவன் அங்கே இருந்தானா, ஓடிவிட்டானா, தெரியாது. இருந்திருந்தால் திறந்த கதவுக்குள் அத்தையும் என் மகளும் இருந்தார்கள். திருடன் சிரமப்பட்டு வென்டிலேட்டரைப் பிரித்து நுழைந்த வீட்டுக்கு, நானே போய் வாசலைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

புகார் எழுதும்போது கேட்ட கேள்விகள்தான் எனக்கு முதலில் உறைத்தன. எங்கே நின்றீர்கள், அவன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தான், கையில் ஆயுதம் இருந்ததா, எத்தனை அடி, உள்ளே இருக்கும்போதா வெளியேயா. நான் பாதிக்கப்பட்டவள், என்னை எதற்கு இப்படிக் கேட்கிறார்கள் என்று கோபம் வந்தது. என் தோழி ஒருத்தி வழக்கறிஞர், அன்று மாலை வந்தாள். "நீ அடிச்ச அந்த ஒரு அடிக்கு நான் பதில் சொல்லிடுவேன்டி, வெளியே போய் அடிச்சிருந்தா என்னாலயும் ஒண்ணும் சொல்ல முடிஞ்சிருக்காது" என்றாள். அவள் விளக்கியதும், அப்புறம் நானாகப் படித்ததும் சேர்த்து என் மொழியில் சொல்கிறேன். இது சட்ட ஆலோசனை இல்லை, உங்கள் நாட்டுச் சட்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் தற்காப்புரிமை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 34 முதல் 44 வரை. உடலையும் காத்துக்கொள்ளலாம், உடைமையையும் காத்துக்கொள்ளலாம், நமக்காக மட்டுமல்ல, பிறருக்காகவும். சூரியன் மறைந்தபின், விடியும் முன், வீட்டை உடைத்துப் புகுந்தவனைத் தடுக்கும்போது, வேறு வழியில்லாத நிலையில் அவன் உயிர் போனாலும் 41-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. இதை மட்டும் கேட்டுவிட்டு, "ராத்திரி வீட்டுக்குள் வந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. 37-ஆம் பிரிவை அவர்கள் படிப்பதில்லை. காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய எந்த நிலையிலும் உரிமை கிடையாது, அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது. அடுத்தது 43. இரவில் வீடு புகுந்தவனுக்கு எதிரான உரிமை, அந்த அத்துமீறல் தொடரும் வரைதான். என் விஷயத்தில் அது என் பின்கதவு நிலைப்படி. நிலைக்கு உள்ளே என் கையிலிருந்த குழாய் தற்காப்பு. நிலைக்கு வெளியே, விழுந்து கிடப்பவன் தலையில் இறங்கியிருந்தால் அதே குழாய் தற்காப்பு அல்ல, தாக்குதல். நல்லெண்ணத்தில் எல்லை மீறி, பழிவாங்கும் நோக்கமில்லாமல், உயிர் போய்விட்டால் அது கொலை என்ற வகையிலிருந்து இறங்கி, கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகலாம். அதற்கும் சிறை உண்டு. நான் தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் நம் மேல்தான் விழும்.

ஒன்று சொல்ல வேண்டும், நீதிமன்றங்கள் மனிதப் பயத்தைப் புரிந்துகொள்ளாதவை அல்ல. உயிர்ப் பயத்தில் இருப்பவர் தன் ஒவ்வொரு அடியையும் பொன் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தச் சலுகை ஆபத்து நடந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்துக்கு. ஆபத்து முதுகைக் காட்டியபின் கிடையாது.

மற்ற நாடுகளிலும் கோடு இங்கேதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை என்று இங்கிலாந்தில் 1604-லேயே தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் இருப்பவர் பின்வாங்கத் தேவையில்லை என்கின்றன. இங்கிலாந்தில் 2013-இல் வந்த சட்டம், தன்னையோ பிறரையோ காப்பாற்ற வீட்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகவே பலம் காட்டியிருந்தாலும் மன்னிக்கிறது, அப்பட்டமாக அளவு மீறியிருந்தால் மன்னிப்பதில்லை. ஆனால் அதே இங்கிலாந்தில் முனீர் ஹுசைன் என்பவருக்கு என்ன நடந்தது பாருங்கள். 2008-இல் முகமூடி போட்டவர்கள் கத்தியோடு வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தையே கட்டிப்போட்டார்கள். அவர் எப்படியோ தப்பி, சகோதரரோடு சேர்ந்து, ஓடியவர்களில் ஒருவனைத் துரத்திப் பிடித்துத் தெருவில் போட்டு கிரிக்கெட் மட்டையால் மண்டை உடையும் வரை அடித்தார். முப்பது மாதச் சிறை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் இரக்கம் காட்டி ஓராண்டாகக் குறைத்து நிறுத்திவைத்து வெளியே விட்டது, ஆனாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. அவர் மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர் போனதில் பாதிதூரம் நானும் போய் வந்தவள்.

அப்புறம் என் தம்பி. மூன்றாம் நாள் வந்தான், கையில் ஒரு சுருள் கம்பி. "அக்கா, ராத்திரில மட்டும் வென்டிலேட்டர் கம்பிக்கு கரண்ட் குடுத்துடலாம், எவன் கை வைக்கிறான் பாப்போம்." சொன்னால் நம்புவீர்களா, எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. என் தோழிதான் தடுத்தாள். மனிதன் அடிக்கும்போது அவனுக்குக் கண் இருக்கிறது, நிறுத்த முடியும், ஆள் மாறினால் தெரியும். பொறிக்கு எதுவும் தெரியாது. பந்து எடுக்க வரும் பிள்ளையா, தீயணைக்க ஏணி வைக்கும் ஆளா, காலையில் ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டால் பாத்ரூம் கழுவும் நானா, அது பார்க்காது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதி, ஆளில்லாத தங்கள் பழைய பண்ணை வீட்டில் திருட்டு தொல்லை தாங்காமல், அறைக் கதவைத் திறந்தால் தானாக வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டிவைத்தார்கள். 1967-இல் பழைய பாட்டில்கள் எடுக்க நுழைந்தவனின் கால் சிதைந்தது. திருட வந்தவனே வழக்குப் போட்டான், அவனே ஜெயித்தான். 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தம்பதி 30,000 டாலர் கொடுக்க வேண்டும் என்பதை உறுதி செய்தது. நீங்கள் நேரில் நின்றிருந்தால் எந்த அளவு பலத்தைக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லையோ, அதை ஒரு பொறியை வைத்துச் செய்யவும் உரிமை இல்லை என்பதுதான் அதன் சாரம். தம்பி கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். இன்னமும் அவனுக்குச் சமாதானமில்லை.

நான்காம் நாள் தெருவில் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது. போனால், விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள், உதடு கிழிந்திருக்கிறது, "இவன்தானே, சொல்லுங்க" என்று பத்துப் பதினைந்து பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எல்லாரும் எனக்காகத்தான் நிற்கிறார்கள், எனக்கு நடந்ததற்காகக் கோபப்படுகிறார்கள், அதுதான் கொடுமை. நான் பார்த்ததெல்லாம் டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு உருவம். இவன்தானா என்று எனக்குத் தெரியாது. தலையாட்டியிருந்தால் அடி மறுபடி விழுந்திருக்கும். "எனக்குத் தெரியலை, அவிழ்த்து விடுங்க, போலீசக் கூப்பிடுங்க" என்றேன். சிலருக்கு என்மேல் வருத்தம். கால் முட்டிக்குக் கீழே பார்த்தேன், அடிபட்ட தடம் எதுவும் இல்லை. கட்டி வைத்தவனால் யாருக்கு என்ன ஆபத்து? ஆபத்து இல்லாத இடத்தில் தற்காப்பும் இல்லை, அங்கே நடப்பது வெறும் அடிதடிக் குற்றம், ஆள் செத்தால் கொலை, சேர்ந்து அடித்த ஒவ்வொருவரும் அதில் பங்காளி. பிடித்தால் உட்கார வைத்துவிட்டு உடனே போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் மூன்று வாரம் கழித்து நடந்தது. அதற்குள் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தலையணைக்கடியில் கத்தி, கட்டிலோரம் குழாய், இலை விழுந்தால் எழுந்து உட்காருவேன். ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு முன்கதவுப் பூட்டில் சாவி திரும்பும் சத்தம். நான் குழாயோடு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கதவு திறந்தது, இருட்டில் ஒரு தலை. கை ஓங்கிவிட்டேன். காலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டா திருடன் உள்ளே வருவான்? அந்த ஒரு சத்தம்தான் என் கையை நிறுத்தியது. உடம்பு சரியில்லை என்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்த என் கணவர். என்னை எழுப்ப வேண்டாம் என்று போன் செய்யாமல் வந்திருக்கிறார்.

திருடனால் என் குடும்பத்துக்கு நேராத ஒன்று, என் பயத்தால் நேர்ந்திருக்கும். ஆஸ்கர் பிஸ்டோரியஸ் பற்றிப் படித்திருப்பீர்கள், செயற்கைக் கால்களோடு ஓடிய தென்னாப்பிரிக்க வீரர். 2013 பிப்ரவரி 14 அதிகாலை, யாரோ புகுந்துவிட்டார்கள் என்று நினைத்து மூடிய கழிப்பறைக் கதவு வழியாக நாலு முறை சுட்டதாகச் சொன்னார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி. அவர் சொன்னது உண்மையா என்பதை ஒருபுறம் விடுங்கள். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் எனக்கு முக்கியம்: கதவுக்குப் பின்னால் யார் என்பது கேள்வியே இல்லை, அங்கே ஒரு மனிதர் இருக்கிறார், சுட்டால் சாகலாம் என்று தெரிந்தே சுட்டிருக்கிறார், அது கொலைதான். அமெரிக்காவின் லூசியானாவில் 1992-இல் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன் விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டு வாசலுக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் சுட்டுவிட்டார். குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார், அந்தப் பையன் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சில விதிகள். சந்தேகச் சத்தம் கேட்டால் முதலில் தலைகளை எண்ணுவது, யார் எங்கே என்று. அடுத்து, சத்தமாகக் கேட்பது: "யாரது?" திருடனாக இருந்தால் ஓடிவிடுவான், நம் ஆளாக இருந்தால் பதில் வரும். நேரம் கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வருபவர் வாசலுக்கு வரும் முன் போன் செய்தே ஆக வேண்டும், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை. கத்தி சமையலறைக்குப் போய்விட்டது. கத்தியை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன், பழக்கமில்லாத கையிலிருந்து அது எதிராளி கைக்குப் போவது சுலபம், நீங்கள் அதை நீட்டியபின் ஓட நினைத்தவனும் சண்டைக்குத் திரும்புவான். மிளகு ஸ்ப்ரேயும் மூடிய அறைக்குள் அடித்தால் அடித்தவர் கண்ணையும் சேர்த்துத்தான் எரிக்கும்.

இப்போது எங்கள் திட்டம் மிகச் சாதாரணமானது. படுக்கையறைக் கதவு கனமான பலகை, உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள். எல்லார் போனும் ராத்திரி அந்த அறையில்தான் சார்ஜ் ஆகும். ஏதாவது என்றால் மூன்று பேரும் உள்ளே, தாழ், விளக்கு, போலீசுக்கு போன். இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 112 அவசர எண், போன் பூட்டியிருந்தாலும் அழைக்க முடியும். முதலில் முகவரியைச் சொல்லுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம், இணைப்பு அறுந்தாலும் ஆள் வந்து சேர. மகள் அதை இரண்டு முறை ஒத்திகை பார்த்தாள், போன் செய்யாமல் வாயால் மட்டும். கைவிரல் நடுங்கும்போது திரையில் எண் தேட முடியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினாலே அவசர அழைப்பு தயாராகும்படி வைக்கலாம், இன்றே அமைப்புகளில் போய்ப் பாருங்கள். உள்ளிருந்தபடியே "போலீஸ் வந்துகிட்டிருக்கு, போயிடு" என்று கத்துவதும் திட்டத்தில் உண்டு. அவன் போகும் வழியில் நிற்காதீர்கள். போக வழி இல்லாதவன்தான் கை ஓங்குவான். அறைக்குள்ளேயே கதவை உடைத்துக்கொண்டு வந்தால்? அப்போது குழாய் இருக்கிறது, அப்போது தயங்கவும் மாட்டேன், அந்த இடத்தில் சட்டமும் என் பக்கம்தான் நிற்கும்.

வீட்டைச் சரிசெய்ததில் நான் எதிர்பார்க்காத விஷயங்கள்தான் அதிகம். லூவரை எடுத்துவிட்டு சுவருக்குள் பதித்த கம்பி வைத்தோம். வெளிப்பக்கம் ஸ்க்ரூ போட்ட கிரில்லால் பயனில்லை, ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், ஸ்க்ரூ தலை தெரியாதபடி வெல்டிங் செய்ய வேண்டும். முன்கதவுக்கு விலை உயர்ந்த பூட்டுப் போட்டிருந்தோம், வந்த தச்சர் பூட்டைப் பார்க்கவே இல்லை, நிலையில் தாழ் போய் விழும் தகட்டைக் கழற்றிக் காட்டினார். அரை அங்குல ஸ்க்ரூ இரண்டு. கதவை உதைத்தால் பூட்டு உடைவதில்லை, அந்த நிலைக்கட்டைதான் பிளக்கும். மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு நிலையைத் தாண்டிச் சுவர் வரை இறக்கினார். செலவு ஒன்றுமே இல்லாத வேலை. பெயின்டர் விட்டுப்போன ஏணி ஒரு மாதமாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தது. அவன் அதில் ஏறித்தான் வென்டிலேட்டரைத் தொட்டிருக்கிறான். ஏணி, கடப்பாரை, மண்வெட்டி, எதையும் வெளியே போடாதீர்கள். வெளியூர் போகும்போது வாசலில் பெரிய பூட்டுத் தொங்கினால் உள்ளே ஆளில்லை என்று நாமே எழுதி ஒட்டியது போல. கதவோடு சேர்ந்த பூட்டாக இருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

கம்பிகளை ஏற்றிக்கொண்டே போனபோது அத்தை ஒரு கேள்வி கேட்டார்: "தீப்பிடிச்சா எப்படி வெளிய போறது?" யாருக்கும் அது தோன்றவில்லை. ஒரு ஜன்னல் கிரில்லை உள்ளிருந்து திறக்கும்படி மாற்றினோம், அதன் சாவி எட்டும் தூரத்தில், ஆனால் வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத ஆணியில் எப்போதும் தொங்கும். மகளுக்கு இருட்டில் அதைத் தடவி எடுக்கத் தெரியும்.

கேமரா வைத்தோம். அது திருடனைத் தடுக்காது, சாட்சி சொல்லும், சிலரைத் தயங்க வைக்கும், அவ்வளவே. ஆள் நடந்தால் எரியும் விளக்கு எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் விட உதவியது பக்கத்து வீடுகள். ஒருமுறை திருட்டுப்போன வீட்டில் அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி நடக்க வாய்ப்பு அதிகம் என்பது குற்றவியல் ஆய்வாளர்கள் பல இடங்களில் கண்டது. வழி தெரிந்துவிட்டது, புதுப் பொருள் வாங்குவார்கள் என்றும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களின் பிற்பகுதியில் இதை வைத்தே வேலை செய்தார்கள். திருட்டுப்போன வீட்டை உடனே பலப்படுத்தினார்கள், சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள், வீடுகளில் இருந்த, காசு போட்டால் மின்சாரமோ எரிவாயுவோ தரும் மீட்டர்களை அகற்றினார்கள், அவைதான் திருடர்களுக்குக் குறி. மூன்று ஆண்டுகளில் திருட்டு நான்கில் மூன்று பங்கு குறைந்தது. எங்கள் தெருவில் நான் செய்ததும் அதேதான், சுற்றியுள்ள ஐந்து வீடுகளின் எண்களை வாங்கி ஒரு குழு. என்மேல் வருத்தப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். அடிக்க வேண்டாம், விளக்கைப் போட்டு சத்தம் கொடுங்கள், போலீசுக்குச் சொல்லுங்கள், இதை மட்டும்தான் அவர்களிடம் கேட்டேன்.

ஒரு தவறு மட்டும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வருமுன் பாத்ரூம் தரையை நான் கழுவிவிட்டேன். அந்நியன் மிதித்த தரையைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே இருந்த கால்தடம், ரேகை எல்லாம் அதோடு போயிற்று. எதையும் தொடாதீர்கள், போட்டோ எடுங்கள், லேப்டாப் வரிசை எண், ஒவ்வொரு போனுக்கும் தனி அடையாளமான ஐஎம்இஐ எண் இவற்றை முன்கூட்டியே எங்காவது எழுதி வையுங்கள். வெளியே போய்த் திரும்பும்போது கதவு திறந்திருந்தால் உள்ளே போய்ப் பார்க்காதீர்கள், அவன் இன்னும் உள்ளே இருக்கலாம், வெளியே நின்று போன் செய்யுங்கள். வாக்குமூலத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "அவன் கையில் கத்தி இருந்ததுன்னு சேத்துச் சொல்லு" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் இருந்தார்கள். இல்லாத கத்தியைச் சொல்லியிருந்தால், இருந்த பயத்தையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மகள் இரண்டு மாதம் தனியாக பாத்ரூம் போகவில்லை. பள்ளியில் ஒரு ஆலோசகரிடம் பேசினாள், நானும் அவளோடு போனேன். இப்போது பரவாயில்லை, நானும் அனேகமாகத் தூங்குகிறேன். கணவருக்கு மட்டும் பழக்கம் மாறவில்லை. பட்டப்பகலில் வந்தாலும், நாங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாலும், தெருமுனையிலிருந்து போன் வந்துவிடும்: "நான்தான். வந்துகிட்டிருக்கேன்."